சைதூனின் ஆயிரத்தொன்று

நோட்டுக்கு வாசனை உண்டு. ஏடிஎம்மில் எடுத்து பர்ஸில் செருகிக்கொள்கிறவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் மைதீன் பிச்சையின் கடை இருக்கிறது. ஆள் பக்கவாட்டில்தான் உள்ளே நுழைய முடியும். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தெரியும். பூ மார்க்கெட்டிலிருந்து வருகிற நோட்டு ஈரமாக, மல்லிகை வாசத்தோடு வரும். கறிக்கடை நோட்டில் கவிச்சி இருக்கும். தோல் பதனிடுகிற தோல்ஷாப்பு நோட்டைத் தனி டப்பாவில்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மற்ற நோட்டுக்கும் அந்த நாற்றம் ஏறிவிடும். ஜாக்கெட்டுக்குள் வைத்த நோட்டு, சுருக்குப்பையில் வெற்றிலையோடு கிடந்த நோட்டு, மழையில் பெட்டியோடு நனைந்த நோட்டு என்று எல்லாமே அவரிடம்தான் கடைசியாக வந்து சேரும்.

‘கிழிந்த, எரிந்த, கரையான் அரித்த நோட்டுகள் வாங்கப்படும்’ என்று போர்டு. ஈர நோட்டை விரித்துக் காலண்டர் அட்டைகளுக்கு நடுவே வைத்துக் காயவைப்பார். துண்டு துண்டாக வருவதை நம்பர் பார்த்துப் பொருத்தி, பின்பக்கம் மெல்லிய தாள் ஒட்டுவார். எவ்வளவு பாகம் மிஞ்சியிருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி பேங்கில் பணம் கிடைக்கும். அந்த வித்தியாசத்தில்தான் அவர் வீட்டு உலை கொதித்தது. முன்னால் கண்ணாடிப் பெட்டியில் பழைய காசுகள் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய், ஓட்டைக் காலணா, சதுர அஞ்சு பைசா, தாமரைப் பூ போட்ட இருபது பைசா, டிராக்டர் ஓடுகிற அஞ்சு ரூபாய் நோட்டு. அரசாங்கம் நாலணாவை நிறுத்தியபோது பேகம்பூர்ப் பிள்ளைகள் பால் டப்பாவில் கொண்டுவந்து கொட்டியதில் இன்னும் பாதி மீதி இருக்கிறது. பெட்டிக்கு மேலே கயிற்றில், பிளாஸ்டிக் உறையில் போட்ட பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள் தொங்கும். எல்லாம் 786 என்று முடிகிற நோட்டுகள். பிஸ்மில்லாவின் எழுத்துகளைக் கூட்டிய கணக்கு என்று அந்த எண்ணைப் பரக்கத்தாக, இறை அருளாக நினைத்து வாங்கி பர்ஸில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கடையில் லாபம் அதிகம் அதில்தான்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், பூக் கமிஷன் கடை பழனிக்குமார் ஈர நோட்டுக் கட்டோடு வந்து நின்றான். அவன் வெள்ளோட்டுப் பக்கத்து ஆள். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை.

“என்ன பாய், ஃபேன் ஓடுது. இப்புடி வேர்த்துக் கொட்டுது?”

“வாய்வு. காலைல மொச்சைப் பயறு வெஞ்சனம்.”

“வாய்வுக்கு எதுக்கு எடது கையப் புடிச்சிருக்கீங்க? எந்திரிங்க. கடைய நான் சாத்துறேன்.”

“நோட்ட விரிச்சு வச்சிருக்கேன், பறந்துரும்...”

“பறக்கட்டும், எந்திரிங்க.”

அன்றைக்கு ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனவன் அவன்தான். இரத்தக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு என்றார்கள். மதுரைக்குப் போய் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்கு அலைய வேண்டியதில்லை. நாளும் குறித்தாகிவிட்டது.

மைதீன் பிச்சைக்குக் கத்தியைப் பற்றி அவ்வளவு பயமில்லை. அவருக்கு வேறு ஒரு பயம் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாமல், ஊரிலிருந்து வந்த அக்காவைத்தான் பிடித்தார்.

அக்கா மஹ்ஜபீனை ஆயக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தது. தம்பி சாப்பிடக்கூடாது என்று தெரிந்தும் ஒரு கூடை கொய்யாப்பழத்தோடு வந்திருந்தாள். கட்டில் ஓரத்தில் அவள் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, நான் போறதுக்கு முன்னாடி சைதூன்ட்ட ஒரு வார்த்தை வாங்கிரு.”

“என்ன வார்த்தைடா?”

“மஹர மன்னிச்சிட்டேன்னு.”

“கோட்டி புடிச்சிருச்சா ஒனக்கு? நீதான் அன்னைக்கே கையில குடுத்துட்டியே.”

“குடுத்தேன். எதுக்கும் இருக்கட்டும். நீயாக் கேக்குற மாதிரி கேளு.”

மஹர் என்பது நிக்காஹ்வின்போது மாப்பிள்ளை பெண்ணுக்கு என்று பேசுகிற தொகை. அது அவளுக்கே சொந்தம். தகப்பனும் தொடக்கூடாது, புருஷனும் தொடக்கூடாது. மார்க்கம் அப்படிச் சொல்கிறது. தெரு நடப்பு வேறு. தெருவில் பாதிப் பெண்களுக்கு அது பள்ளிவாசல் பதிவில் எழுதிய எழுத்தோடு சரி. புருஷன் மௌத்தாகி, ஜனாஸாவைத் தூக்கப் போகிற நேரத்தில் பெரிய மனுஷிகள் உள்ளே வருவார்கள். தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருக்கிறவளிடம், “மஹர மன்னிச்சிட்டேன்னு சொல்லிரும்மா, கடனோட போகக்கூடாது” என்பார்கள். அந்த நேரத்தில் எந்தப் பெண் மாட்டேன் என்பாள்? பத்துப் பதினைந்து எழுத்தில் கணக்கு முடிந்துவிடும். அந்தப் பத்துப் பதினைந்து எழுத்தைத்தான் மைதீன் பிச்சை முன்கூட்டியே வாங்கிவைக்கப் பார்த்தார். காரணத்தைச் சொல்லாமலே மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டார்.

அடுப்படியில் பார்க்க வந்தவர்களுக்காக நெய்ச்சோறும் தால்ச்சாவும் வெந்துகொண்டிருந்தன. நோயாளிக்குத் தனியாக, உப்பில்லாத கோதுமைக் கஞ்சி. அவர் மனைவி சைதூன் இரண்டு அடுப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு துணித் திரைதான். கட்டிலில் படுத்திருந்தவருக்கு எல்லாம் கேட்டது.

“ஏம்மா சைதூன், ஒண்ணு கேக்குறேன். தப்பா நெனைக்காத.”

“கேளுங்க மதினி. இந்தக் கத்திரிக்காய செத்த நறுக்கிக் குடுத்துக்கிட்டே கேளுங்க.”

“பெரிய ஆபரேசன். அல்லா லேசாக்கி வைப்பான். ஆனாலும் அந்த மஹரு விசயம் இருக்கே, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அவன் மனசு குளுந்து போகும்.”

கரண்டி சட்டியில் நின்றது. பிறகு சைதூன் சிரித்துவிட்டாள்.

“யாரை மதினி மன்னிக்க? ஊருல எல்லாப் பொம்பளைக்கும் அந்த வார்த்தை வேணும். எனக்கு எதுக்கு? நீங்க அங்கனதானே இருந்தீங்க. ஆயிரத்தொண்ணு மஹருன்னு பேசி, ஒங்க அத்தா அந்த நோட்டத் தூக்கிக் காட்டுனாரே, மறந்துபோச்சா? ஆயிரம் ரூவா நோட்டு வந்த புதுசு. பந்தியில உக்காந்திருந்த ஆளுக கறிய விட்டுட்டு எந்திரிச்சு வந்தாங்க. எங்க தாய்மாமா கையில வாங்கிப் பாத்துட்டு, ‘இதுக்குச் சில்லறை குடுக்குற கடை நம்ம தெருவுல கெடையாது’ன்னாரு. கடைசி மூணு நம்பரு எழுநூத்தி எம்பத்தாறு. அந்த நோட்டு ஒண்ணு, ஒத்த ரூவாக் காசு ஒண்ணு. இவரே என் கையில வச்சாரு.”

“நெனைவிருக்கு, நெனைவிருக்கு.”

“எம்மக ஷப்னத்துக்கு டெங்கு வந்து கெடந்தப்ப கம்மல அடகு வச்சேன். கடைக்கு அட்வான்ஸ் பத்தலன்னப்ப கொலுச வச்சேன். அந்த நோட்ட நான் தொடல. கல்யாணச் சேலை மடிப்புக்குள்ளயே இருந்துச்சு. பெறகு செல்லாதுன்னு டிவில சொல்லிட்டாங்க. ஊரே வரிசையில நிக்குது, நான் மட்டும் குடுக்க மாட்டேன்னு வச்சிருந்தேன். கடைசி வாரம் இவருதான் நயமாப் பேசி வாங்கிட்டுப் போனாரு. சாயந்தரம் வந்து கையில வச்சாரு பாருங்க, ரெண்டாயிரம் ரூவா ரோஸ் நோட்டு. ‘ஆயிரத்துக்கு ரெண்டாயிரமா வச்சுக்க’ன்னாரு. எந்தப் புருசன் மதினி குடுப்பான்? அப்புறம் அந்த ரோஸ் நோட்டும் வேணாம்னு திரும்ப வாங்கிக்கிட்டாங்க. அதையும் நாலு ஐநூறா மாத்திக் குடுத்தாரு. நோட்டுத்தான் மாறுது. மஹரு அப்புடியே இருக்கு.”

“அதான் நானும் சொல்றேன். சும்மா ஒரு வார்த்தைதானே.”

“சும்மா சொல்ல முடியுமா? மன்னிச்சேன்னு நான் சொன்னா, அவரு பாக்கி வச்சவருன்னு ஆயிரும்ல? படுத்துக் கெடக்குற மனுசனுக்கு அந்தக் கேவலம் எதுக்கு? நான் சொல்ல மாட்டேன் மதினி.”

மஹ்ஜபீன் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். முகத்தில் பெருமைதான்.

“கேட்டியா? ராணி மாதிரி பேசுறா. நீ ஏன்டா வீணா மனசப் போட்டு ஒழப்புற?”

மைதீன் பிச்சை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சைதூன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரிந்தவரை எல்லாம் நிஜம். தெரியாதது ஒன்றுதான்.

நோட்டு செல்லாது என்று அறிவித்த அந்த ஐப்பசி, கார்த்திகையில் மைதீன் பிச்சையின் கடையில் கூடிய கூட்டம் ஊரில் வேறு எந்தக் கடையிலும் இல்லை. பேங்கில் வரிசை தெரு முனை வரை நின்றது. நோட்டு மாற்றித் தருகிற ஆள் என்று எல்லாரும் அவரைத்தான் தேடி வந்தார்கள். தோல்ஷாப்புக்காரர், லேவாதேவிக்காரர், வீட்டில் புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்து வைத்த பெண்கள். கமிஷன் பேசி வாங்கினார். சொந்தக்காரர்களின் ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்து வரிசையில் நிற்கவைத்தார். சைதூனையும் நிற்கவைத்தார். யாரோ ஒரு தோல் வியாபாரியின் பணத்துக்காக அவள் வெயிலில் நின்று விரலில் மை வாங்கி வந்தாள்.

“ஊரான் துட்டுக்கு என் வெரல்ல மை. என்னோட ஒத்த நோட்டு வீட்டுல கெடக்கு,” என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு இப்போதும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

மார்கழியில், கெடு முடிகிற கடைசி வாரத்தில் அவள் அந்த நோட்டை ஒருவழியாக எடுத்துக் கொடுத்தாள். உறையோடு கொடுத்தாள். நம்பரை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேங்குக்குத்தான் கிளம்பினார். சத்தியமாக பேங்குக்குத்தான். கடையைத் திறந்து ஃபாரம் எடுக்கும்போது மதுரைக்காரன் டோனி வந்து உட்கார்ந்தான். நோட்டு ஆல்பம் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாங்கி விற்கிற புரோக்கர் அவன். மேஜையில் உறையைப் பார்த்துவிட்டான்.

“பாய், இது வந்த வருசத்து நோட்டு. மடிப்பு இல்ல. நம்பர் வேற. இதையா பேங்குல கொண்டுபோய்க் கொட்டப் போறீங்க? சுக்குநூறா வெட்டிருவாங்க. பதினஞ்சாயிரம் தாரேன்.”

அரசாங்கம் எடுத்துக்கொண்டால் அவள் பொறுத்துக்கொள்வாள். ஊருக்கே வந்த கஷ்டம். விற்பதற்குக் கேட்டால் உயிர் போனாலும் தரமாட்டாள். இது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அவளைக் கேட்காமலே டோனியிடம் கொடுத்தார். எப்படியும் வெட்டப்போகிற நோட்டுத்தானே என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். சாயங்காலம் ரெண்டாயிரம் ரூபாய் நோட்டை அவள் கையில் வைத்தபோது அவள் கண் கலங்கியதைப் பார்த்து, அவருக்கே தான் நல்லவன் என்று தோன்றிவிட்டது. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசியது. மீதிப் பணம் அந்த மாதக் கூட்டத்தில் கல்லாவுக்குள் போனது. அதில் ஒரு குண்டுமணி தங்கம் வாங்கினாரா, பிள்ளைக்கு ஒரு பாவாடை எடுத்தாரா என்றால் இல்லை. எதில் கரைந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். கல்யாண வீட்டில், பிள்ளை பிறந்த வீட்டில், குழாயடியில், எங்கே மஹர் பேச்சு வந்தாலும் சைதூனிடம் ஒரு கதை இருந்தது. ஆயிரத்துக்கு ரெண்டாயிரம் கொடுத்த மனுஷன். தெருப் பையன்களுக்கு நிக்காஹ் பேசும்போது, “மைதீன் பிச்சை மாதிரி கையில வைங்கப்பா” என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வார். அதையும் அடக்கம் என்று மெச்சினார்கள். அமானிதத்தை, நம்பிக் கொடுத்த பொருளைத் தின்றவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வார், மனசுக்குள்தான்.

மறுநாள், சைதூன் குளிக்கப் போயிருந்தபோது டோனிக்கு போன் போட்டார்.

“டோனி, அந்த ஆயிரம் ரூவா நோட்டு. எழுநூத்தி எம்பத்தாறு. யார்ட்ட குடுத்த?”

“எந்தக் காலத்துல கேக்குறீங்க பாய். துபாய்ல இருக்குற ஒருத்தருக்குக் குடுத்தேன். ஆபீஸ்ல ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காராம்.”

“திரும்ப வாங்கலாமா? கடைய வித்தாவது தாரேன்.”

“அவரு விக்கிற ஆளு இல்ல பாய். அதே மாதிரி வேற ஒண்ணு பாக்கவா? ரெண்டு மாசத்துல சிக்கும்.”

“வேற ஒண்ணு எதுக்குடா,” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். இருபத்தஞ்சு வருஷமாக ஒன்றுக்கு இன்னொன்று மாற்றிக் கொடுத்தே பிழைத்தவர் அவர். அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

மதுரைக்கு பழனிக்குமார்தான் வேன் பிடித்து வந்தான். சின்னாளபட்டி தாண்டி, காந்திகிராமம் தாண்டும்போது அவளிடம் சொல்லிவிட இரண்டு தடவை வாயைத் திறந்தார். முன் சீட்டில் மகள் ஷப்னம், பக்கத்தில் பழனிக்குமார். ‘தண்ணி வேணுமா’ என்று சைதூன் பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டார். ரோட்டோரத் தோட்டத்துத் தென்னைகள் மட்டை கருகி நின்றன. இந்த வருஷமும் மழை ஏமாற்றியிருந்தது.

ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் அன்று காலையில் நெஞ்சையும் காலையும் மழித்து, பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். டெய்சி என்று ஒரு நர்ஸம்மா வந்து, மோதிரம், அரைஞாண் எதுவும் இருக்கக்கூடாது என்றாள். சைதூன் மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர் கழற்றிப்போட்ட கைலியை மடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஷப்னம் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். இதை விட்டால் நேரமில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

“சைதூன். ஒன் நோட்ட நான் பேங்குல மாத்தல.”

“எந்த நோட்டு?”

“மஹரு நோட்டு. வித்துட்டேன். டோனின்னு ஒரு புரோக்கரு. நம்பருக்காக வாங்குனான்.”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

“எம்புட்டுக்கு?”

“பதினஞ்சாயிரம்.”

“எனக்கு ரெண்டாயிரம் குடுத்தீங்க.”

“ஆமா.”

“மிச்சம் என்ன ஆச்சு?”

“தெரியல. கடையில போட்டேன். என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியல சைதூன்.”

“என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா நீ குடுத்திருக்க மாட்ட.”

“குடுத்திருக்க மாட்டேன்தான்,” என்றாள். கைலியை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். அவள் அழுவாள், சத்தம் போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகவும் இருந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

“துட்டு போகட்டும். நோட்டும் போகட்டும்,” என்றாள். “எட்டு வருசமா நான் தெருத் தெருவாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அத எப்புடிங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க?”

வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் உருண்டு வரும் சத்தம் கேட்டது.

“மன்னிச்சேன்னு சொல்லிரு. உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்க.”

“மாட்டேன்.”

“சைதூன்...”

“அன்னைக்கு மதினி கேட்டப்ப, பாக்கி இல்லாத மனுசனுக்கு அந்த வார்த்தை எதுக்குன்னுதான் சொல்லாம விட்டேன். இன்னைக்கு பாக்கி இருக்கு. பாக்கி இருக்குற மனுசன் அப்புடியெல்லாம் லேசாப் போயிர முடியாது. வெளிய வாங்க. வந்து குடுங்க.”

வண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் கூடவே நடந்தாள். கதவு வரைக்கும் அவருடைய போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். முகம் மட்டும் இறுகிக் கிடந்தது. கதவு சாத்தியதும், பெண்கள் தொழுகிற மூலையைக் கேட்டுப் போய் உட்கார்ந்தாள். நெஞ்சு திறந்து மூடுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. என்ன துஆ கேட்டாள் என்று ஷப்னம் கேட்டதற்கு, “ஒங்கத்தாவைத் திருப்பிக் கேட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

திரும்பிக் கிடைத்தார். வீட்டுக்கு வந்தபோது ஆனிக் காற்று தொடங்கியிருந்தது. ஊர்ப் புழுதியெல்லாம் வீட்டுக்குள் வந்து படிந்தது. சைதூன் ஈரத் துணியை ஜன்னலில் கட்டினாள். வேளைக்கு மாத்திரை, வேளைக்குக் கஞ்சி. ஆபரேஷனுக்காகக் காலில் நரம்பெடுத்த புண்ணைத் துடைத்து மருந்து போட்டாள். இருமும்போது தையல் விடாமல் இருக்க நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு சின்னத் தலையணை கொடுத்திருந்தார்கள். அதற்கு உறை தைத்துப் போட்டாள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. பேச்சு மட்டும் அளவாக வந்தது.

ஒருநாள் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் நான்கு ஐநூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன.

“இது ஒங்க காசு. கடையில போட்டுக்கங்க.”

“சைதூன், அது ஒன்னோடது.”

“ஒத்த ரூவாக் காசு மட்டுந்தான் என்னோடது. அத எடுத்து வச்சிருக்கேன்.”

நடமாட ஆரம்பித்ததும் அவர் பழனிக்குமாரிடம் சொல்லிக் கண்ணாடிப் பெட்டியிலிருந்த பழைய வெள்ளிக்காசுகளை விற்றார். பதினைந்தாயிரத்தை ஒரு கவரில் போட்டு அவள் முன்னால் வைத்தார். அவள் கவரைத் திறக்கவில்லை.

“இது நோட்டு வித்த காசு. பள்ளிவாசல்ல ஏழைப் பிள்ளைகளுக்குக் குடுங்க. மஹருன்னு சொல்லி என் கையில வைக்காதீங்க.”

“பெறகு எதைத்தான் நான் குடுக்குறது?”

“எனக்கும் தெரியலங்க. தெரியும்போது சொல்றேன்.”

கோபத்தில் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. கோபமாக இருந்திருந்தால் ஆறும் என்று காத்திருக்கலாம்.

ஆடி கழிந்து ஷப்னத்தைப் பெண் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை வாஜித், கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனியில் வேலை. எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது. மஹ்ஜபீன் தட்டுத் தட்டாக ஆயக்குடிக் கொய்யாவை அறுத்து வைத்தாள். பழனிக்குமாரும் மல்லிகைப் பந்தோடு வந்து வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தான். மைதீன் பிச்சையைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள், மடியில் அந்தத் தலையணையோடு.

பேச்சு மஹருக்கு வந்தது. மாப்பிள்ளையின் தாயார் பெரிய மனசுக்காரி. அவளே ஆரம்பித்தாள்.

“எம்புட்டு எழுதலாம்னு நீங்களே சொல்லுங்க. கல்யாணத்தன்னைக்கே புள்ள கையில நோட்டா வச்சிருவோம்.”

“நோட்டு வேணாம்,” என்றாள் சைதூன். “கொறச்சலா இருந்தாலும் பரவால்ல, பவுனாக் குடுங்க.”

“என்ன இப்புடிச் சொல்றீங்க? ஒங்க வீட்டுல நோட்டாத்தானே குடுத்தாங்க. எழுநூத்தி எம்பத்தாறு நோட்டு. எங்க ஊரு வரைக்கும் அந்தக் கதை வந்திருக்கு. அண்ணே மாதிரி கையில வைக்கணும்னு எம்மகன்ட்டயே சொல்லி வச்சிருக்கேன்.”

எல்லாரும் சைதூனைப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கதை தெரியும். இருந்தாலும் அவள் வாயால் கேட்க ஆசை. அடுப்படி வாசலில் டீத் தட்டோடு நின்ற ஷப்னம் இதற்குள்ளாகவே சிரிக்க ஆரம்பித்திருந்தாள். பந்தியில் கறியை விட்டு எழுந்து வந்தவர்கள், தாய்மாமா சொன்ன சில்லறை, எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

மைதீன் பிச்சை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அந்தப் பழைய கதையைச் சொல்லிவிட்டாலும் வேதனை, சொல்லாவிட்டாலும் வேதனை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவர் மனசு கேவலமாக வேண்டியது.

சைதூன் முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

“பேசுனது ஆயிரத்தொண்ணு,” என்றாள். “அதுல ஒரு ரூவா வந்திருக்கு. பத்திரமா வச்சிருக்கேன்.”

“அப்ப மிச்சம் ஆயிரம்?”

“அது வரணும்.”

மாப்பிள்ளையின் தாயார்தான் முதலில் சிரித்தாள். பிறகு கூடம் முழுக்கச் சிரிப்பு. இந்த வயசிலும் புருஷன் பொஞ்சாதிக்குள் என்ன கேலி என்று மஹ்ஜபீன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பழனிக்குமார் சிரித்தான். சைதூன் எழுந்து, ஷப்னத்தின் கையிலிருந்த தட்டை வாங்கி ஒவ்வொருவருக்காக டீ கொடுத்துக்கொண்டு வந்தாள். அவருக்குச் சர்க்கரை போடாததைத் தனியாக எடுத்துக் கொடுத்தாள்.

அவர் தலையணையை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக் குனிந்திருந்தார். தோள் குலுங்கியது.

“அண்ணே, ரொம்பச் சிரிக்காதீங்க,” என்றாள் மாப்பிள்ளையின் தாயார். “தையல் வலிக்கும்.”